பின்சுவரில் இருந்த வாக்கியம்

டீச்சர்,

இன்று காலை கொல்லையைச் சுத்தம் செய்ய வந்த ஆள், வேலியோரம் மண்டிக் கிடந்த ஊமத்தஞ்செடிகளை அரிவாளால் அறுத்துப் போட்டார். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். அந்தப் பச்சை வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கசப்பும் குமட்டலும் கலந்த வாடை. உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியடில், நம் பள்ளிக்கூடம் முழுக்க வீசியது அந்த வாடைதானே.

"இதைக் கொளுத்திடவாம்மா?" என்று கேட்டார். "வேணாம், ஓரமாப் போடுங்க" என்றேன். அவர் போனபிறகு ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தேன். நகக்கண்ணில் பச்சை ஏறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. மதியம் சோறு இறங்கவில்லை. சரி, எழுதியே தீர்த்துவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு வரி சொல்லத் துப்பில்லாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுத வந்துவிட்டாளாக்கும் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். திருப்பனந்தாளிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி வாய்க்கால் கரையோரம் நடந்தால் வரும் அந்த ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம். நீங்கள் மாயவரம் பக்கத்துச் சர்ச் உபதேசியார் மகள். நான் பள்ளிக்கூடம் இருந்த அதே ஊரில், நடவுக்கும் அறுப்புக்கும் போகும் தெருவிலிருந்து இங்கிலீஷ் படித்து வந்த முதல் பெண். இரண்டு பேரும் இங்கிலீஷ் டீச்சர்கள். முதல் நாள் மதியம் மற்றவர்கள் தங்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்தபோது, நீங்கள் என் பாக்ஸைத் திறந்து, "கருவாட்டுக் குழம்பா? இதை மூடி வச்சுக்கிட்டா உக்காந்திருக்கீங்க?" என்று கை விட்டீர்கள். அதைப் பெரிய காரியமாக நீங்கள் நினைத்ததே இல்லை. நான்தான் அன்று இரவு அம்மாவிடம் சொல்லி அழுதேன். நம் வயது ஒன்றுதான். ஆனாலும் கடைசிவரை நீ வா போ என்று வரவே இல்லை. நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர்.

கரும்பலகை பூசுகிற வேலை உங்கள் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் வேலியோரத்தில் ஊமத்தை இலை பறித்து வருவார்கள். கொட்டாங்கச்சிக் கரியோடு சேர்த்துக் கல்லில் அரைப்பார்கள். அந்தக் கறுப்பு விழுதைத் துணியில் தோய்த்து நீங்களே பலகையில் தேய்ப்பீர்கள். "விஷச் செடிடா, கையைக் கண்ணுல வச்சிடாதீங்க, போய் நல்லாக் கழுவுங்க" என்று கத்திக்கொண்டே இருப்பீர்கள். காய்ந்தபிறகு பலகை புத்தம்புதிதாகப் பளபளவென்று நிற்கும். திங்கட்கிழமை காலையில் அதில் முதல் கோட்டை இழுப்பது உங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தக் கோடு. பலகையின் நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஒரு கோடு. அதைக் குறுக்கே வெட்டி ஒரு சின்னக் கோடு. வெட்டுக்கு இடப்பக்கம் யார். வலப்பக்கம் என்ன செய்தார். வாக்கியத்தில் மீதி இருக்கிற அத்தனையும், எப்போது, எங்கே, எப்படி, எதனால், எப்பேர்ப்பட்ட, எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து சாய்வாகக் கீழே இறங்கும் கிளைகளில் தொங்கும். கிளைக்கும் கிளை உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயலுக்குப் போகும் கன்னி வாய்க்கால். "வாய்க்கா கிளாஸ்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கே கற்றீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "பி.எட். படிக்கும்போது லைப்ரரியில ஒரு பழைய புஸ்தகத்துல பார்த்தேன் டீச்சர். பாதி மறந்துபோச்சு. மீதியை நானாச் சேர்த்துக்கிட்டேன்" என்று சிரித்தீர்கள். முதலில் தமிழில்தான் ஆரம்பிப்பீர்கள். "மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னதைக் கேட்ட அப்பா, மண்வெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, சாப்பிடக்கூட இல்லாமல் வயலுக்குப் போனார்." எழுதிப் போட்டுவிட்டு, "யாரு? என்ன செஞ்சாரு?" என்று கேட்பீர்கள். மேட்டூர், தண்ணீர், ரேடியோ என்று ஆளுக்கு ஒன்று கத்தும். நீங்கள் பேசாமல் நிற்பீர்கள். கடைசியில் மூலையிலிருந்து ஏதாவது ஒரு சன்னக்குரல் வரும்: "அப்பா... போனாரு." "அவ்வளவுதான். இனி மத்ததைத் தொங்க விடு." இதே பிள்ளைகள் ஒரு மாதத்தில் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் நாலு வரி நீளத்துக்கு இருக்கிற வாக்கியத்தைப் பிரித்துப் போடும். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் அது யாரைச் சேர்ந்தது என்று காட்டும்.

நான் கிண்டல் செய்வேன். "என்ன டீச்சர், சர்வே ஆபீஸ்ல இருக்க வேண்டியவங்க, தப்பி இங்க வந்துட்டீங்களா?" "வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பேசக் கத்துக்குடுங்க, படம் போடக் கத்துக்குடுக்கறீங்களே." நீங்கள் கோபப்பட்டதில்லை. "பேச்சு வந்துடும் டீச்சர். அடுத்தவன் பேசறதுல எது முதல், எது தொங்கல்னு தெரியலைன்னா, இந்தப் பிள்ளைங்களை யார் வேணா ஏமாத்திடுவான்" என்பீர்கள்.

என் கிண்டலுக்குப் பின்னால் இருந்ததை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அந்தப் படம் போட வராது டீச்சர். உண்மை. நான் இங்கிலீஷ் படித்தது முழுக்க மனப்பாடம். கட்டுரையைக் கண்ணை மூடி ஒப்பிப்பேன். வாசித்தால் ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கும், என் தெருவே வாய் பிளக்கும். ஆனால் ஒரு நீள வாக்கியத்தை உடைத்து, இது இதைச் சேர்ந்தது என்று காட்டச் சொன்னால் முழிப்பேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் பலகையில் பார்த்ததைத் தாளில் போட்டுப் பார்ப்பேன். கோணல்மாணலாக வரும். கிழித்து அடுப்பில் போடுவேன். "வாங்க டீச்சர், சனிக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து போடுவோம்" என்று நீங்கள் கூப்பிட்டீர்கள், ஒன்றல்ல, நாலைந்து தடவை. நான்தான் தலைவலி, விருந்தாளி என்று தட்டிக் கழித்தேன். என் பயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது படுகிறது.

அப்புறம் செல்வி வந்தாள். என் தெருப் பெண். ஒன்பதாம் வகுப்பு, உங்கள் செக்ஷன். அவள் அண்ணன் கரண்ட் வேலை படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போக இருந்தான். தொண்ணூறுகளின் நடுவில் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவன் போகத் தவித்த காலம் அது. ஆற்றில் தண்ணீர் வருவதும் தெரியாது, வராததும் தெரியாது. ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தக் காகிதத்தைச் செல்வியின் அம்மா என்னிடம் கொண்டுவந்தாள். "நீ படிச்சுச் சொல்லும்மா, நீதானே நம்ம தெருவுல இங்கிலீசு." வாசலில் பத்துப் பேர் நிற்க, நான் கணீரென்று வாசித்தேன். எலக்ட்ரீஷியன் என்ற சொல் கண்ணில் பட்டது. "கரண்ட் வேலைதான் போட்டிருக்கு. நல்ல வேலை. தைரியமா அனுப்புங்க" என்றேன்.

அந்த வாரம் நீங்கள் பிள்ளைகளிடம், வீட்டில் கிடக்கிற இங்கிலீஷ் காகிதம் எதுவானாலும் கொண்டுவரச் சொல்லியிருந்தீர்கள். ஒருவன் பூச்சிமருந்து டப்பாவைக் கொண்டுவந்தான். ஒருத்தி மாத்திரை அட்டை. செல்வி அண்ணனின் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாள். அதிலேயே நீளமான வாக்கியம் ஏழு வரி. அதைப் பலகையில் எழுதிப்போட்டு, "யாரு? என்ன செய்யலாம்?" என்று கேட்டீர்கள். ஒரு பீரியட் முழுக்க ஆயிற்றாம். கோட்டுக்கு இடப்பக்கம் கம்பெனி வந்தது. வலப்பக்கம், அவனை எந்த வேலையில் வேண்டுமானாலும் போடலாம் என்று வந்தது. கரண்ட் வேலை கீழே ஒரு மூலையில், 'இடம் இருந்தால்' என்ற கிளையின் நுனியில் தொங்கியது.

சாயங்காலம் செல்வியின் அம்மா என் வீட்டு வாசலில் நின்று, ஊர் கேட்க, "என்னம்மா, நீ ஒண்ணு சொன்ன, பாப்பா ஒண்ணு சொல்லுது? அதுக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?" என்றாள். அவள் சண்டைக்கு வரவில்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தெரிஞ்சுக்கிட்டுப் போறேன், அது போதும்" என்று போனான். அங்கே சிமென்ட் மூட்டைதான் தூக்கினான். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தலைகுனிவு என்று நினைத்துப் பேசாமல் இருந்தீர்கள். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த வருஷம் நான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனேன். பிறந்த தேதியில் உங்களுக்குச் சில மாதம் மூத்தவள், அவ்வளவுதான். நீங்கள் கும்பகோணத்திலிருந்து வெற்றிலைக் கட்டும் கதம்பமும் வாங்கிவந்து என் மேஜையில் வைத்து, "வாழ்த்துகள் டீச்சர். இனிமே கரி அரைக்க ஆள் குடுங்க" என்றீர்கள்.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பின் பின்சுவரில் இருந்த சிமென்ட் பலகையில் நீங்கள் ஒரு கோடு போட்டீர்கள். ஜூன் மாதம். கோட்டின் மேல் இங்கிலீஷில் ஒரு சின்ன வாக்கியம். தமிழில் சொன்னால், நாங்கள் ஆற்றைக் கடந்தோம். வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் வருஷம் முடிவதற்குள் ஆளுக்கு ஒரு துண்டு அதில் தொங்கவிட வேண்டும். யாரும் அடுத்தவர் துண்டைத் தொடக்கூடாது. மூலையில் 'அழிக்காதீர்கள்' என்று தமிழில் எழுதிக் கட்டம் கட்டினீர்கள். பாலம் கட்டாததால் என்று ஒருவன். அம்மா கொடுத்த குடையோடு என்று ஒருத்தி. தண்ணீர் முழங்காலுக்கு இருந்தபோது. சாமி கும்பிட்டுவிட்டு. ஹெட்மிஸ்ட்ரஸ் பார்ப்பதற்குள் என்றுகூட ஒரு வாலு எழுதியிருந்தது. செல்வியின் துண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. அதை இங்கிலீஷில் சரியாகச் சொல்ல அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. எழுதி முடித்துவிட்டு எட்டி நின்று தன் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளிக்குப் பிறகு செல்வி வரவில்லை. சம்பா கருகிவிட்டது, அண்ணன் அனுப்பும் பணம் போதவில்லை, அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் இரண்டு தடவை என் தெருவுக்குப் போய் அவள் அம்மாவிடம் மன்றாடினீர்கள். பொங்கலுக்கு வருகிறாள், வந்தால் மார்ச் பரீட்சைவரை வைத்துக்கொள்கிறோம் என்று வாக்கு வாங்கிவந்தீர்கள். "பேரை எடுத்துடாதீங்க டீச்சர். அவ வந்தா நேரா பின்சுவர்ல கொண்டுபோய் நிறுத்துவேன். உன் இடம் அப்படியே இருக்கு பாருன்னு காட்டினாப் போதும், உக்காந்துடுவா" என்றீர்கள். "சரி" என்றேன்.

மார்கழியில் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்து வேன் நம் ஊருக்குள் வர ஆரம்பித்தது. கும்பகோணத்தில் முப்பது நாளில் இங்கிலீஷ் பேசலாம் என்று போர்டு. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் குறைந்தால் செக்ஷன் போகும் என்றது. பெற்றோர்கள் வந்து, "எம்புள்ள என்னம்மா இங்கிலீசு கிளாசுல படம் போடுது?" என்றார்கள். எல்லாம் உண்மைதான். இவற்றை வைத்துக்கொண்டு நான் ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பொங்கலுக்கு அப்புறம் வாய்க்கா கிளாஸ் கிடையாது. எல்லா செக்ஷனுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் எழுந்து, "படம் போடறதை நிறுத்துறேன் டீச்சர். அந்தப் பின்சுவரை மட்டும் மார்ச் வரைக்கும் விட்டுடுங்க. செல்வி வருது" என்றீர்கள்.

"பார்க்கலாம்" என்றேன்.

போகிக்கு முந்தின சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, லீவு முடிந்ததும் இன்ஸ்பெக்ஷன் வருகிறது, எல்லாப் பலகையும் பூச வேண்டும் என்றேன். இன்ஸ்பெக்ஷன் எதுவும் இல்லை. அவர் பத்தாம் வகுப்பில் நின்று தலையைச் சொறிந்தார். "அழிக்காதேன்னு டீச்சர் எழுதிருக்காங்களேம்மா." நான் அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கினேன். விழுதில் தோய்த்தேன். முதலில் அழிக்காதீர்கள் என்பதன் மேல் பூசினேன். அப்புறம் குடை, பாலம், முழங்கால் தண்ணீர். செருப்பு வந்தபோது கை நின்றது. நின்றுவிட்டுப் பூசியது. கடைசியில் அந்த நடுக்கோடு. கையெல்லாம் கறுப்பு, நகமெல்லாம் பச்சை. பொங்கல் அன்று அந்தக் கையால் பொங்கல் பானையைத் தொட எனக்கே கூச்சமாக இருந்தது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை நீங்கள் செல்வியைக் கையோடு அழைத்துவந்தீர்கள். புதுச் சுடிதார், புதுச் செருப்பு, கொஞ்சம் இளைத்திருந்தாள். நீங்கள் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தீர்கள். நான் வராந்தாவில் உங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சுவர் கன்னங்கரேலென்று பளபளத்தது. ஊமத்தை வாடை இன்னும் அடங்கவில்லை.

செல்வி சுவரைப் பார்த்தாள். "என்னுது எங்க டீச்சர்?" என்றாள்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். என் முகத்தை அல்ல, கையை. நான் கையைப் புடவை முந்தானைக்குள் மறைத்தேன். ஒரு நொடிதான். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "பூசியாச்சும்மா. இன்ஸ்பெக்ஷன். வேற எழுதிக்கலாம், உக்காரு" என்றீர்கள்.

அத்தனை வருஷம் அத்தனை பிள்ளைகளிடம் யாரு, என்ன செஞ்சா என்று கேட்டுக் கேட்டுக் குடைந்தவர் நீங்கள். அன்று ஒரு பெண் உங்களிடம் கேட்டபோது, செய்த ஆளை மறைத்து ஒரு வாக்கியம் சொன்னீர்கள். எனக்காக. நான் வாசற்படியில் குத்துக்கல் மாதிரி நின்றேன். "நான்தாம்மா" என்று ஒரு சொல் வரவில்லை. செல்வி அந்தப் பீரியட் உட்கார்ந்திருந்தாள். மதியம் பெஞ்சில் இல்லை. சாயங்காலம் திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள் என்று அவள் அம்மா வந்து சொன்னாள். சுவர் இருந்திருந்தால் தங்கியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தங்கியிருப்பாள் என்று நீங்கள் நம்பினீர்கள். நான் குற்றவாளி என்பதற்கு எனக்கு அது போதும்.

மணி அடித்தபிறகு என் அறைக்கு வந்தீர்கள். சண்டை போடுவீர்கள் என்று நான் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நிர்வாகம், வேன், பெற்றோர். நீங்கள் பாடக்குறிப்பு நோட்டை மேஜையில் வைத்து, "நாளையிலேர்ந்து படம் கிடையாதுங்க, ஹெச்.எம்." என்றீர்கள். ஹெச்.எம். அவ்வளவுதான். அன்றோடு டீச்சர் போயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் ஹெச்.எம்.தான். ரிட்டையர் ஆனபிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதும், "நல்லா இருக்கீங்களா ஹெச்.எம்.?" மரியாதையில் ஒரு குறை கிடையாது. நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

படத்தை நிறுத்தியதால் பள்ளிக்கூடம் பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. வேன் ஒன்று இரண்டாகியது. நம் பிள்ளைகள் குட் மார்னிங், ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன் என்று அழகாகச் சொன்னார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து இதில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் முழித்தார்கள். அந்த முழி எனக்கு நன்றாகத் தெரியும். நான் முழித்த முழிதான். உங்களிடம் படித்தவர்களுக்கு அது போயிருந்தது. நான்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் மாயவரத்தில் உங்கள் தங்கை வீட்டுக்கு ஓடிவந்தேன். வலக்கை அசையவில்லை. வாயில் ஒரு சொல் வரவில்லை. நான் கட்டிலோரம் உட்கார்ந்து என்னென்னமோ பேசினேன். வெயில் ஜாஸ்தி என்றேன். பஸ்ஸில் கூட்டம் என்றேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். நீங்கள் இடக்கையால் என் கையை இழுத்து விரித்தீர்கள். உள்ளங்கையில் உங்கள் விரலால் ஒரு நீளக் கோடு போட்டீர்கள். அதைக் குறுக்கே வெட்டினீர்கள். வெட்டுக்கு இடப்பக்கம் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். காத்திருந்தீர்கள்.

எனக்குப் புரியாமல் இல்லை டீச்சர். அத்தனை பேச்சையும் கீழே தொங்கவிட்டுவிட்டு அந்த ஒரு இடத்தை நிரப்பச் சொன்னீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கஞ்சி குடிச்சீங்களா டீச்சர்?" என்றேன். நீங்கள் விரலை எடுத்துக்கொண்டு கண்ணை மூடினீர்கள். பாவி நான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்தேன். அடுத்த மாதம் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

அங்கே செல்வி வந்திருந்தாள். திருப்பூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்திருந்தாள். காது ஓரம் நரைத்திருக்கிறது. கம்பெனியில் சூப்பர்வைசர். மண் போட்டு முடித்தபிறகு என்னிடம் வந்து, "அந்தச் செவத்தை யாரு பூசினது ஹெச்.எம்.? டீச்சர்ட்ட போன்ல ரெண்டு மூணு தடவை கேட்டேன். பேச்சை மாத்திட்டாங்க" என்றாள். கையில் இன்னும் உங்கள் குழிமண் ஒட்டியிருந்தது. நான் அப்போதும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "அப்பெல்லாம் மாசா மாசம் பூசறதுதானேம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சீட்டு ஏழு மாதமாக என் பைபிளுக்குள், ஆமாம், என் வீட்டில் பைபிள் ஏது என்று கேட்பீர்கள், நீங்கள் ஒரு கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது, அதற்குள் இருக்கிறது. இன்று மதியம் சோற்றை மூடி வைத்துவிட்டு அதை எடுத்தேன். கை ஊமத்தை வாடை அடித்தது. நம்பரைப் போட்டேன். பின்னால் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடுகிற சத்தம். யாரு என்றாள். சொன்னேன். நலமா, சாப்பிட்டியா என்று ஆரம்பித்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அந்தச் செவத்தை நான்தாம்மா பூசினேன். இன்ஸ்பெக்ஷன் எல்லாம் இல்ல. என் கையால நான் பூசினேன்."

"எதுக்கு டீச்சர்?" என்றாள். அந்த 'டீச்சர்' பழக்கத்தில் வந்ததா, தெரிந்து சொன்னாளா, எனக்குத் தெரியாது.

நிர்வாகம் என்று வாய்வரை வந்தது. வேன் என்று வந்தது. உங்கள் விரல் என் உள்ளங்கையில் இருந்தது. "பொறாமைம்மா" என்றேன். "அவங்க போடற படம் எனக்குப் போட வரல. உனக்கு வந்துச்சு. அதைப் பொறுக்க முடியல."

அவள் அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன், தெரியவில்லை. "லைன்ல ஆளுங்க நிக்கிறாங்க டீச்சர், வைக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது இந்த மடலின் கடைசித் தாளில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோணவில்லை. குறுக்கே வெட்டியிருக்கிறேன். இடப்பக்கம், நான். வலப்பக்கம், அழித்தேன். கீழே தொங்கவிடுவதற்கு நிர்வாகம், வேன், பெற்றோர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் அதில் ஒட்டவில்லை, டீச்சர்.